மாஸ்டர் வீட்டு மிஷின்

மாஸ்டர் இடது கையின் மோதிர விரலை நீட்டிக்கொண்டு சாப்பாட்டு மேஜை முன்னால் உட்கார்ந்திருந்தார். பேனா மாதிரி இருந்த ஊசிக்குழலை அவர் மனைவி விரல் நுனியில் வைத்து அமுக்கினாள். டக்கென்று சத்தம் கேட்டது. குத்திய இடத்தில் கடுகளவு சிவப்பு தெரிந்தது, அவ்வளவுதான். மேற்கொண்டு ஒன்றும் வரவில்லை. மேஜை மேல் சுகர் பார்க்கிற மிஷின் வாயில் ஸ்ட்ரிப்பைக் கவ்விக்கொண்டு, ரத்தச் சொட்டுப் படத்தைக் காட்டிக் காட்டி மினுக்கிக்கொண்டிருந்தது. அவள் விரலை அடியிலிருந்து நுனிவரை, தீர்ந்துபோன பற்பசைக் குழாயைப் பிதுக்குவது போலப் பிதுக்கினாள். மாஸ்டர் பல்லைக் கடித்தார். ஒருவழியாக ஒரு சின்ன முத்து எட்டிப் பார்த்தது. “வருது, வருது, ஆட்டாதீங்க,” என்று அவள் மிஷினை விரலுக்குக் கொண்டுபோனாள். ஸ்ட்ரிப் அந்த முத்தை உறிஞ்சியது. மிஷின் கொஞ்சம் யோசித்தது. பிறகு எண்ணுக்குப் பதிலாக ஆங்கில எழுத்து ஒன்றைக் காட்டியது.

“போச்சு. ரத்தம் பத்தலையாம்,” என்றாள்.

“மூணு பன்னு போச்சு,” என்றார் மாஸ்டர்.

அந்த வீட்டில் ஸ்ட்ரிப்புக்கு விலை பன் கணக்கில்தான். மாஸ்டர் பேக்கரியில் அடுப்படித் தலைவர். ரொட்டி, பன், பிஸ்கட், பிறந்தநாள் கேக் எல்லாம் அவர் கைபட்டுத்தான் வெளியே போகும். ஒரு ஸ்ட்ரிப் விலைக்கு மூன்று பன் வாங்கலாம், அதுவும் உள்ளே பழம் வைத்த பெரிய பன். மாவு பிசைந்து, பொங்க விட்டு, உருட்டி, சுட்டு எடுத்த மூன்று பன்னை ஒரு நகத்தளவு அட்டைத் துண்டு முழுங்கிவிட்டு, ஒன்றும் சொல்லாமல் இருக்கிறதே என்பதுதான் அவருக்கு ஆற்றாமை. மீசை அரும்பிய வயதிலிருந்து சுடச்சுட தட்டுகளை இழுத்து இழுத்து அவர் விரல் நுனிகள் காய்ப்புக் காய்ச்சிப்போயிருந்தன. புதிதாக வேலைக்கு வருகிறவர்கள் இரண்டு மடிப்புத் துணியோடு தொடுகிற தட்டை அவர் வெறும் விரலால் நகர்த்தி வைப்பார். அந்த வித்தைக்கு இப்போது தண்டனை மாதிரி, ஊசி பாதி வழியிலேயே நின்றுவிடுகிறது.

போன வருஷம் கண்ணாடி மாற்றப் போன இடத்தில் கண் டாக்டர்தான் முதலில் கேட்டார், சுகர் பார்த்தீர்களா என்று. பார்த்தால் இருந்தது. செய்தி பேக்கரி முழுக்கப் பரவியது. கேக் மாஸ்டருக்கே சுகரா என்று ஆளாளுக்குச் சிரித்தார்கள். இனிப்பு வாசனையிலேயே நாளெல்லாம் நிற்பவனுக்கு இனிப்பைக் கண்டால் வயிற்றைப் புரட்டும், தான் கேக் சாப்பிட்டே பல வருஷம் ஆயிற்று என்று அவர் சொல்லிப் பார்த்தார். யாரும் நம்பவில்லை. பிறகு சொல்வதை நிறுத்திவிட்டார்.

மிஷினை வாங்கிக் கொடுத்தது பாப்பா. பாப்பா என்றால் மகள். வேறு ஊரில் அலுவலக வேலை, விடுதியில் தங்கியிருக்கிறாள், இருபத்தைந்து தாண்டிவிட்டது, ஆனாலும் பாப்பாதான். லீவில் வந்தபோது பெட்டியைப் பிரித்து, மேஜை மேல் எல்லாவற்றையும் பரப்பி, அப்பாவுக்கும் அம்மாவுக்கும் பாடம் நடத்திவிட்டுப் போனாள். மிஷின் விலை ஒன்றும் பெரிதாக இல்லை. “மாட்டைச் சும்மா குடுத்த மாதிரி குடுத்துட்டு, தீவனத்துல புடுங்குறான்,” என்று மாஸ்டர் மருந்துக்கடைக்காரரிடமே சொல்லியிருக்கிறார். மருந்துக்கடைக்காரர் சிரித்துக்கொண்டே ஸ்ட்ரிப் டப்பாவை எடுத்து வைப்பார். சேர்த்து வைத்து மெல்ல மெல்லச் செலவழிக்கலாம் என்றால் அதுவும் முடியாது. டப்பாவைத் திறந்துவிட்டால் சில மாதத்தில் கெட்டுப்போகும் என்று அதன் மேலேயே எழுதியிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலை பாப்பா வீடியோவில் கூப்பிடுவாள். நலம் விசாரிப்பதற்கு முன்னால், “நம்பர் என்ன?” என்பாள். வாயால் சொன்னால் போதாது, மிஷினை எடுத்து முகத்துக்கு நேரே காட்ட வேண்டும். பழைய எண்களையும் பட்டனை அமுக்கி அமுக்கிக் காட்டச் சொல்வாள். நூற்று எண்பது இருந்தால் ஒரு அதட்டல். இருநூறு தாண்டினால் அரை மணி நேரம். ஒருமுறை நானூற்று எழுபது வந்துவிட்டது. அன்றைக்கு மாஸ்டர் மிஷினை பேக்கரிக்கே கொண்டுபோயிருந்தார். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு பார்க்க வேண்டும் என்று பாப்பாவின் உத்தரவு. எண்ணைப் பார்த்ததும் அடுப்படியே கூடிவிட்டது. ஒருவர் விசிறினார், ஒருவர் ஆட்டோ பிடிக்க ஓடினார். மாஸ்டர் மாவு மூட்டை மேல் சாய்ந்துகொண்டு மனைவி முகத்தை நினைத்துக்கொண்டார். ஆட்டோ வந்து வாசலில் நின்ற பிறகுதான் கணக்குப்பிள்ளை கேட்டார், “மாஸ்டர், கையைக் கழுவினீங்களா?” கழுவவில்லை. கேக்குக்கு மேலே தூவுகிற பொடிச் சர்க்கரை விரலெல்லாம் இருந்தது. கழுவிவிட்டுக் குத்தினால் நூற்று அறுபத்தெட்டு. ஆட்டோக்காரர் வெறுங்கையோடு போக மறுத்ததால் ஒரு ரொட்டி கொடுத்து அனுப்பினார்கள்.

இந்த ஞாயிற்றுக்கிழமை ஒன்று வீணான பிறகு டப்பாவில் இன்னும் இரண்டே ஸ்ட்ரிப் இருந்தன. சம்பளம் வர நாள் இருந்தது. பாப்பா கூப்பிடுகிற நேரம் நெருங்கியது. மாஸ்டர் விரலை வாயில் வைத்துச் சப்பிக்கொண்டு, அந்த இரண்டையும் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்.

“பேசாம என் விரல்ல எடுங்க,” என்றாள் மனைவி.

“உன் விரல்ல எதுக்கு?”

“எனக்குக் குத்தினா ரத்தம் உடனே வரும். எனக்கென்ன, நல்லாத்தானே இருக்கேன். நூறுக்கு மேல வராது. மிஷினைக் காட்டினா பாப்பாவும் ஒரு வாரம் நிம்மதியா இருப்பா. நீங்களும் திட்டு வாங்க வேணாம்.”

“அது கள்ள ஓட்டு மாதிரி இல்ல?”

“ஒரே ஒரு ஓட்டுதானே. யாரு கேக்கப் போறா?”

அவள் சொல்லும்போது எல்லாமே சுலபமாகத்தான் இருக்கும். பள்ளிக்கூடத்துக்கு எதிரே ஜெராக்ஸ் கடையில் வேலை பார்க்கிறாள். ஜெராக்ஸ் அக்கா என்றால் அந்தத் தெருவில் எல்லோருக்கும் தெரியும். நூறு பேர் ஒரே நேரத்தில் காகிதத்தை நீட்டினாலும் யார் மேலும் எரிந்து விழாமல் வேலையை முடித்து அனுப்புகிறவள். மாஸ்டர் ஊசியை மாற்றினார். அவள் விரல் மெலிந்து, சூடில்லாமல் இருந்தது. அவர் பட்டும் படாமலும் வைத்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டு அமுக்கினார்.

“முடிஞ்சுதா? இதுக்குத்தானா வாராவாரம் அந்தச் சத்தம் போடுறீங்க?” என்று அவள் சிரித்தாள். ரத்தம் கேட்டவுடன் கொடுப்பது போல வந்து உருண்டு நின்றது. ஸ்ட்ரிப் குடித்தது. மிஷின் ஐந்திலிருந்து கீழே எண்ணியது.

முந்நூற்றுப் பன்னிரண்டு.

இரண்டு பேரும் மிஷினைக் குனிந்து பார்த்தார்கள். பிறகு மாஸ்டர்தான் முந்திக்கொண்டார். “சர்க்கரையைத் தொட்டியா?”

“நம்ம காபிக்குச் சர்க்கரை ஏது? பக்கத்து வீட்டுக்காரங்களுக்குக் காபி போட்டப்போ எடுத்தேன், அது நேத்து.”

“ஏதோ ஒட்டிக்கிட்டு இருக்கும். போய் சோப்புப் போட்டுக் கழுவு. நல்லாத் தேய்ச்சுக் கழுவு.”

அவள் போய்க் கழுவினாள். குழாய் நெடுநேரம் ஓடியது. புதுத் துண்டில் துடைத்துக்கொண்டு வந்து, இந்த முறை வலது கையை நீட்டினாள். சிரிப்பில்லை. மாஸ்டர் கடைசி ஸ்ட்ரிப்பை எடுத்தார். இப்போது முகத்தைத் திருப்பவில்லை. ரத்தம் அதே மாதிரி தாராளமாக வந்தது. அவள் வேறு எங்கோ, குளிர்பெட்டி மேல் இருந்த நாள்காட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

முந்நூற்று ஏழு.

“மிஷின் கெட்டுப்போச்சு,” என்றாள்.

“ஆமா, கெட்டுத்தான் போயிருக்கும்,” என்றார். அப்போது போன் அடித்தது. பாப்பா. மனைவி கண்ணாலேயே வேண்டாம் என்றாள். மாஸ்டர் போனை எடுத்து, தன் முகம் மட்டும் தெரிகிற மாதிரி பிடித்துக்கொண்டு, ஸ்ட்ரிப் தீர்ந்துவிட்டது என்றார். அது உண்மைதான். பாப்பா திட்டினாள். தீரும் வரை என்ன செய்துகொண்டிருந்தீர்கள், முன்கூட்டியே சொல்லத் தெரியாதா, சின்னப் பிள்ளையா நீங்கள் என்று கேட்டாள். மாஸ்டர் ஒவ்வொன்றுக்கும், “தப்புதான் பாப்பா, தப்புதான்,” என்றார். அவ்வளவு பணிவை எதிர்பார்க்காத பாப்பா பாதியில் நிறுத்திவிட்டு, “அப்பா, உடம்பு சரியாத்தானே இருக்கு?” என்று கேட்டாள். மேஜைக்கு அந்தப் பக்கம் அவள் அம்மா விரலில் பஞ்சை வைத்து அமுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

அன்று பகல் முழுவதும் மாஸ்டர் மனைவியைப் பார்த்துக்கொண்டே இருந்தார். எத்தனையோ வருஷமாகப் பார்க்கிற முகம்தான். ஆனால் அவர் விடிவதற்கு முன் அடுப்படிக்குப் போய்விடுவார், மத்தியானம் வந்து தூங்குவார், அவள் கடையிலிருந்து வரும்போது இருட்டிவிடும். வீட்டில் அவள் குரல்தான் அவருக்கு அதிகம் பழக்கம். இப்போது பார்த்தார். துணி மடித்துக்கொண்டே பக்கத்தில் தண்ணீர் பாட்டிலை வைத்துக்கொண்டு குடித்தாள். அதை நிரப்பிக் கொண்டுவந்து மறுபடி குடித்தாள். நாலு துணி மடித்ததும் எழுந்து பாத்ரூம் போனாள். வளையல் முழங்கை வரை ஏறி இறங்கியது. போன மாதம் கடையில் ஒரு டீச்சர், “என்ன ஜெராக்ஸ் அக்கா, இளைச்சு அழகாயிட்டீங்க,” என்றாராம். அதை வந்து அவரிடம் சொல்லிச் சிரித்தாள். அவரும், எனக்காகச் சர்க்கரையை விட்டாய் அல்லவா, அதுதான் என்றார். அவருக்குச் சுகர் என்று தெரிந்த அன்றே அவளும் காபிக்குச் சர்க்கரை போடுவதை நிறுத்திவிட்டிருந்தாள். ஒருத்தருக்கு மட்டும் தனியாக யார் போட்டுக்கொண்டிருப்பது என்று அதற்கு ஒரு காரணமும் சொன்னாள். அவள் கண்ணாடியை இரண்டு முறை மாற்றியும் எழுத்துத் தெளியவில்லை என்றதும், அந்தக் கடைக்காரன் சரியில்லை என்று அவர்தான் சொன்னார். சுகர் டாக்டரின் அறைச் சுவரில் ஒரு படம் மாட்டியிருந்தது. தாகம், களைப்பு, மெலிவு, பார்வை மங்கல் என்று வரிசையாகப் போட்டிருக்கும். காத்திருக்கிற நேரமெல்லாம் அதையே படித்துப் படித்து அவருக்கு மனப்பாடம். பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தவளை ஒருமுறை திரும்பிப் பார்க்கத் தோன்றவில்லை.

“நாளைக்கு டாக்டர்கிட்ட போயிடலாம்,” என்றார் சாயங்காலம்.

“நாளைக்கா? பரிட்சை நேரம். கடையில ஈ நுழைய இடம் இருக்காது. முதலாளியம்மா ஒத்தை ஆளா என்ன பண்ணுவாங்க?”

“அப்ப நாளன்னிக்கு.”

“பாக்கலாம். ஒரு வீட்டுக்கு ஒரு சுகர் போதும். ரெண்டு பேரும் படுத்துட்டா யாரு யாரைப் பாக்குறது? உங்க மாத்திரைக்கும் அந்த அட்டைக்குமே கையைக் கடிக்குது.”

“அதை நான் பாத்துக்கறேன்.”

“எங்க பாத்துக்குவீங்க? பன்னுலயா?” என்று சொல்லிவிட்டு அடுக்களைக்குப் போனாள்.

மாஸ்டருக்குப் பேசி ஜெயிக்கத் தெரியாது. பேக்கரியில்கூட யாராவது எதிர்த்துப் பேசினால் மாவைத் தூக்கி மேஜையில் ஒரு போடு போடுவார், அதுதான் பதில். பரீட்சை முடிந்தது. பிறகு முதலாளியம்மா வீட்டில் ஒரு விசேஷம் வந்தது. அப்புறம் மழை. அவள் பாட்டில் பாட்டிலாகத் தண்ணீர் குடித்துக்கொண்டு, சாயங்காலம் வந்ததும் செருப்பைக்கூடக் கழற்றாமல் நாற்காலியில் உட்கார்ந்துவிடுவாள். ஒரு நாள் சாப்பிட்டு முடித்து அவள் மாத்திரையும் தண்ணீரும் கொண்டுவந்து வைத்தபோது மாஸ்டர் எடுக்கவில்லை. மறுநாளும் எடுக்கவில்லை. தட்டின் ஓரத்தில் காலை மாத்திரையும் ராத்திரி மாத்திரையும் சேர்ந்து கிடந்தன.

“என்ன இது?”

“நீ டாக்டர்கிட்ட வர்ற அன்னிக்குப் போட்டுக்கறேன்.”

“விளையாடுறீங்களா?”

“நான் எங்க விளையாடுறேன்? ஒரு வீட்டுக்கு ஒரு சுகர் போதும்னு சொன்னியே. சரி, நீயே வச்சுக்க. எனக்கு வேணாம்.”

அவளுக்குக் கோபம் வந்து அவர் பார்த்ததில்லை என்றில்லை. ஆனால் அன்று வந்தது வேறு மாதிரி இருந்தது. அவள் அந்த மாத்திரைகளைப் பொறுக்கி உள்ளங்கையில் வைத்துக்கொண்டு நின்றாள். “எனக்குப் பயமா இருக்குங்க,” என்றாள். “உங்களுக்குன்னா நான் இருக்கேன். குத்துறதுக்கு, திட்டுறதுக்கு, ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போறதுக்கு. எனக்குன்னா...” அதற்கு மேல் சொல்லவில்லை. சொல்லத் தேவையில்லாமல் மாஸ்டருக்குப் புரிந்தது. அவள் சொல்லாமல் விட்ட இடத்தில் தான் உட்கார்ந்திருக்கிறோம் என்று தெரிந்ததும் அவர் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தார்.

“நான் கத்துக்கறேன்,” என்றார்.

டாக்டர் சின்ன வயதுப் பெண். ஜலதோஷம் பிடித்து மூக்கை உறிஞ்சிக்கொண்டே பேசினாள். அவள் கையிலிருந்து ரத்தம் எடுத்துப் பரிசோதித்த தாளைப் புரட்டியபடி, “இவங்களுக்குச் சுகர் இருக்கும்னு எப்படிச் சந்தேகம் வந்தது? வீட்ல எதுக்குப் பாத்தீங்க?” என்று கேட்டாள். இரண்டு பேரும் வகுப்பில் மாட்டிக்கொண்ட பிள்ளைகள் மாதிரி ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். மாஸ்டர் கடைசியில் உண்மையைச் சொல்லிவிட்டார், கள்ள ஓட்டு என்ற வார்த்தையைக்கூட விடாமல். டாக்டர் வாய்விட்டுச் சிரித்தாள், சிரித்ததில் தும்மல் வந்தது. மூக்கைத் துடைத்துவிட்டு, “நல்ல வேளை போட்டீங்க,” என்றாள். இப்போது சிரிப்பில்லை. “ரொம்ப நாளா இருந்திருக்கு. சாருக்கு முன்னாடியே வந்திருந்தாலும் ஆச்சரியம் இல்ல. இப்போதைக்கு இன்சுலின் போடணும்மா. காலையிலயும் சாயங்காலமும் சுகர் பாக்கணும். அளவு ஒரு நிலைக்கு வரட்டும், அப்புறம் குறைச்சுக்கலாம்.” பிறகு மாஸ்டர் பக்கம் திரும்பி, அவருடைய தாளைப் பார்த்து, “நீங்க பரவாயில்ல. மாத்திரைதானே, வாரத்துக்கு ஒருதரம் பாத்தாப் போதும். சும்மா சும்மா விரலைக் குத்திக்காதீங்க,” என்றாள்.

இந்த வார்த்தைக்காக ஒரு வருஷம் காத்திருந்தவர் அவர். இப்போது கிடைத்தபோது அதை வாங்கி எங்கே வைப்பது என்று தெரியவில்லை. வெளியே வந்ததும் மனைவி, “பாத்தீங்களா, நீங்க பாஸாயிட்டீங்க,” என்றாள்.

மருந்துக்கடையில் இன்சுலின், ஊசி, இரண்டு டப்பா ஸ்ட்ரிப் எல்லாவற்றையும் மருந்துக்கடைக்காரர் அடுக்கி வைத்தார். இரண்டு டப்பாவையும் பார்த்து அவர் வழக்கமான சிரிப்பைச் சிரிக்கவில்லை. யாருக்கு என்றும் கேட்கவில்லை. மனைவி பையைத் தூக்கிப் பார்த்து, “இது எத்தனை பன்னு?” என்றாள்.

“பன்னு கணக்கை விடு. இனிமே கேக்கு கணக்குதான்,” என்றார் மாஸ்டர். மருந்துக்கடைக்காரர் முன்னாலேயே இருவரும் சிரித்துவிட்டார்கள். மறுநாளே அவர் முதலாளியிடம் பேசி, சாயங்கால கேக் ஆர்டர்களையும் தானே செய்வதாக ஒப்புக்கொண்டார். மத்தியானத் தூக்கம் பாதியாகக் குறைந்தது. அதை மனைவியிடம் வேறு மாதிரி சொன்னார். வீட்டில் படுத்தால் தூக்கமே வரவில்லை, அதனால் போகிறேன் என்றார்.

பாப்பாவிடம் சொல்லக் கூடாது என்று மனைவி கட்டளை போட்டிருந்தாள். கட்டளையை அவளே மீறினாள். அடுத்த ஞாயிறு போன் வந்ததும், “நம்பர் என்ன?” என்று பாப்பா ஆரம்பிக்க, அவள் போனைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டு, “பாப்பா, இனிமே எல்லாத் திட்டையும் அப்பாவுக்கே குடுத்துடாத. எனக்கும் கொஞ்சம் மிச்சம் வை,” என்றாள். பாப்பாவுக்குப் புரிய நேரம் ஆயிற்று. புரிந்ததும் அவள் திட்டவில்லை. திரையில் அவள் முகம் கீழே போய், விடுதி அறையின் மேல்கூரையும் மின்விசிறியும் மட்டும் தெரிந்தன. “பாப்பா, அழறியா? விசிறி நல்லாச் சுத்துது, நீ எங்க?” என்றார் மாஸ்டர். அழுகைக்கு நடுவில் சிரிப்புச் சத்தம் கேட்டது.

சொல்லாமல் கொள்ளாமல் பாப்பா ஒரு பெட்டி ஸ்ட்ரிப் வாங்கி அனுப்பினாள். கூரியரில் வந்தது. மனைவி டப்பாவைத் திறந்து ஒன்றை எடுத்து மிஷினில் செருகினாள். நுழையவில்லை. திருப்பிச் செருகினாள். அதுவும் இல்லை. மாஸ்டர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பெட்டியைப் படித்தார். அதே நிறம், அதே படம், ஆனால் வேறு மிஷினுக்கு உள்ளது. திறந்ததை யாரும் திரும்ப வாங்கமாட்டார்கள். மருந்துக்கடைக்காரர்தான் வழி சொன்னார். “அதுக்கு ஏத்த மிஷினை வாங்கிடுங்க மாஸ்டர், அது ஒண்ணும் விலையில்ல.” வாங்கினார்கள். இப்போது வீட்டில் இரண்டு மிஷின். எது சரி என்று பார்க்கலாம் என்று ஒரே விரலின் ஒரே சொட்டை இரண்டுக்கும் கொடுத்தார்கள். ஒன்று நூற்று அறுபது என்றது, மற்றது நூற்று எண்பத்தைந்து என்றது. டாக்டரைக் கேட்டால் இரண்டும் சரிதான், ஏதாவது ஒன்றை வைத்துக்கொண்டு பாருங்கள் என்றாள். “ரெண்டும் சரியாம்,” என்று மாஸ்டர் அன்றெல்லாம் சொல்லிச் சொல்லி மாய்ந்துபோனார். “எங்க முதலாளி தராசு இப்படிக் காட்டினா உள்ள தள்ளிடுவாங்க.”

இன்சுலினை அவளே போட்டுக்கொள்ளக் கற்றுக்கொண்டாள். ஸ்ட்ரிப்பில் காலைக்கு ஒரு டப்பா, சாயங்காலத்துக்கு ஒரு டப்பா என்று பிரித்து வைத்தாள். சாயங்காலம் மாஸ்டர் கேக் வேலைக்குக் கிளம்புமுன் கடையிலிருந்து ஓடிவந்து, அவர் எதிரே உட்கார்ந்து சுகர் பார்ப்பாள். காலையில் அவர் இருக்கமாட்டார். அடுப்படியிலிருந்து போன் செய்து கேட்பார். “நூத்தி முப்பது,” என்பாள். மறுநாள், “நூத்தி இருபத்தஞ்சு.” நல்ல எண்கள். அவர் கணக்குப்பிள்ளையிடம் பெருமையாகச் சொல்வார்.

ஒரு நாள் மத்தியானம் அவர் மேஜையைத் துடைக்கும்போது காலைக்கென்று வைத்திருந்த டப்பாவை எடுத்து நகர்த்தினார். கை நின்றது. குலுக்கிப் பார்த்தார். சத்தமே வரவில்லை. இந்நேரம் பாதி காலியாகி, உள்ளே கிலுகிலுவென்று ஆட வேண்டும். மூடியைத் திறந்தார். ஸ்ட்ரிப்புகள் நெருக்கியடித்துக்கொண்டு நின்றன. மிஷினின் பட்டனை அமுக்கப் போனவர், வேண்டாம் என்று கீழே வைத்துவிட்டார். பார்க்க என்ன இருக்கிறது? நூற்று முப்பதும் நூற்று இருபத்தைந்தும் அவள் மனதிலிருந்து எடுத்துக் கொடுத்தவை. யாருக்கு மிச்சம் பிடித்தாள் என்றும் அவருக்குத் தெரியும். சாயங்கால வேலையிலிருந்து அவர் வரும்போது அவர் கால்களைத்தான் முதலில் பார்ப்பாள், வீங்கியிருக்கிறதா என்று.

கோபம் வரும் என்று எதிர்பார்த்து அவர் கொஞ்ச நேரம் நின்றார். வரவில்லை. டப்பாவை இருந்த இடத்திலேயே, இருந்த மாதிரியே வைத்தார்.

மறுநாள் காலை முதல் ஈடு ரொட்டி இறங்கி, வண்டியில் ஏறியதும் மாஸ்டர் முன்துணியை அவிழ்த்து ஆணியில் மாட்டினார். “இதோ வந்துடறேன், ரெண்டாவது ஈடு பொங்கட்டும்,” என்றார். அடுப்படியில் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அவர் நடுவில் வீட்டுக்குப் போனதாகச் சரித்திரம் இல்லை. “என்ன மாஸ்டர், புது மாப்பிள்ளை மாதிரி ஓடுறீங்க?” என்று பிஸ்கட் போடுகிறவர் கேட்டார். மாஸ்டர் சைக்கிளை எடுத்தார்.

வாசல் கதவு திறந்திருந்தது. அவள் கடைக்குப் போகப் புடவை கட்டி, தலை வாரி, அடுப்பில் எதையோ கிளறிக்கொண்டிருந்தாள். அவரைப் பார்த்ததும் கரண்டி நின்றது. “என்னாச்சு? ஏன் வந்தீங்க? கை சுட்டுடுச்சா?”

“ஒண்ணுமில்ல. சாப்பிட்டியா?”

“இன்னும் இல்ல.”

“நல்லதாப் போச்சு. உக்காரு.”

அவர் குழாயடியில் போய் நின்று சோப்புப் போட்டுக் கழுவினார். முழங்கை வரை கழுவினார். மறுபடி ஒருமுறை விரல் விரலாகக் கழுவினார். அவள் மேஜை முன்னால் வந்து உட்கார்ந்திருந்தாள். டப்பாவைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள், புரிந்துகொண்டு தலையைக் குனிந்துகொண்டாள்.

“தினமும் வருவீங்களா?”

“ரொட்டி இறங்கினதும் வருவேன்.”

“முதலாளி ஒண்ணும் சொல்ல மாட்டாரா?”

“விரலைக் குடு.”

கொடுத்தாள். விறைத்திருந்தது. அவர் அதை உடனே குத்தவில்லை. தன் இரண்டு உள்ளங்கைகளுக்கும் நடுவில் அவள் கையை வைத்து மெல்லத் தேய்த்துச் சூடாக்கினார். அடுப்பின் வெக்கை இன்னும் அந்தக் கைகளில் இருந்தது. பிறகு விரல் நுனியை விட்டு, அதிகம் வலிக்காத பக்கவாட்டில் ஊசிக்குழலை வைத்தார். அமுக்காமல் எடுத்து, மறுபடி வைத்தார். எத்தனையோ கேக் மேல் எத்தனையோ பேருடைய பெயரைக் கோணாமல் எழுதிய கை. “அமுக்குங்க, ஒண்ணும் ஆகாது,” என்று அவள்தான் தைரியம் சொன்னாள். டக்கென்றது. சொட்டு மேலே வந்து நின்றது. ஸ்ட்ரிப் அதை இழுத்துக்கொண்டது. மிஷின் எண்ண ஆரம்பித்தது.

அவள் மிஷினைப் பார்க்கவில்லை. சைக்கிள் மிதித்து வந்த வேர்வையில் அவர் புருவத்தில் மாவு குழைந்து அப்பியிருந்தது. முகத்தைக் கழுவ மறந்திருந்தார். அவள் மற்ற கையால் முந்தானை நுனியைப் பிடித்து அதைத் துடைக்க எட்டினாள். மாவு ஒட்டிப் பிடித்திருந்ததால் கொஞ்சம் அழுத்தித் தேய்க்க வேண்டியிருந்தது. மாஸ்டர் கண்ணை மூடிக்கொண்டு, அவள் விரலை விடாமல், முகத்தை அவளுக்கு இன்னும் கொஞ்சம் கிட்டே கொண்டுபோனார். மேஜை மேல் மிஷின் கீச்சென்று ஒரு சத்தம் கொடுத்தது. அவள் துணியைத் திருப்பிப் பிடித்து அடுத்த புருவத்துக்குப் போனாள்.